பார்ட்டிக்கு வேர்ட் ஃபைல் அனுப்பும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் டைப்பிங், டிடிபி, மொழிபெயர்ப்பு மூன்றும் சேர்ந்த கடை எங்களுடையது. பாரிமுனையிலிருந்து வரும் வக்கீல் குமாஸ்தா, ஓஎம்ஆர் பக்கம் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்பவர்கள், ராயப்பேட்டை பிரஸ்காரர், ஆய்வேட்டோடு ஓடிவரும் மாணவர் என்று யார் வந்தாலும் சந்தேகம் சுற்றிச் சுற்றி ஒன்றாகத்தான் இருக்கிறது. போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மெனுப் பெயர்கள் விண்டோஸில் ஓடும் வேர்டுக்கு உரியவை.

"சார், என் சிஸ்டத்துல அழகா இருந்தது. அவங்க திறந்தா எல்லாம் கலைஞ்சு கிடக்காம். நடுவுல யாரு கலைச்சது?"

நடுவில் யாரும் கை வைக்கவில்லை. வேர்ட் கோப்புக்குள் பக்கத்தின் படம் கிடையாது. எழுத்துகளும், 'இந்த ஃபாண்ட், இந்த அளவு, இவ்வளவு ஓரம்' என்ற குறிப்புகளும்தான் இருக்கின்றன. நாம் அளவு மட்டும் எழுதி அனுப்ப, அங்கே இருக்கும் டைலர் தன் கடையில் இருக்கிற துணியில் தைத்துத் தருகிற கதைதான். திறக்கிற கணினி ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது.

நீங்கள் போட்ட ஃபாண்ட் அங்கே இல்லையென்றால் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு எழுத்தும் துளி அகலம் கூடினாலும் வரி உடைகிற இடம் மாறும், அட்டவணை அடுத்த பக்கத்துக்கு இறங்கும், கையெழுத்து போடும் இடம் மட்டும் தனியாக ஒரு வெள்ளைத் தாளில் போய் நிற்கும். மென்பொருள் எது, காகித அளவு என்ன என்பதும் காரணம்தான். ஆனால் பெரும்பாலான புகார்கள் ஃபாண்டில்தான் போய் முடிகின்றன.

"அப்போ வேர்டா, பிடிஎஃப்பா? ஒரே பேச்சா சொல்லுங்க."

பார்ட்டி அதை என்ன செய்யப்போகிறார்? படிக்க, பிரிண்ட் எடுக்க, கையெழுத்திட என்றால் பிடிஎஃப். திருத்த வேண்டும் என்றால் வேர்ட். திருத்தவும் வேண்டும், நாம் நினைத்த வடிவம் அவருக்குத் தெரியவும் வேண்டும் என்றால் இரண்டையும் அனுப்புங்கள். 'பிடிஎஃப் பார்ப்பதற்கு, வேர்ட் திருத்துவதற்கு' என்று மெயிலில் ஒரு வரி போடுங்கள். வேர்ட் அங்கே கலைந்தாலும் எது எங்கே இருந்தது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கும்.

கொட்டேஷன், பில், ரசீது மூன்றையும் வேர்டில் அனுப்பாதீர்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் தொகையை மாற்ற வேண்டியதில்லை, தெரியாமல் ஒரு சாவியில் கை பட்டாலே போதும்.

"பிரிண்ட் கொடுத்து பிரிண்டருக்குப் பதிலா பிடிஎஃப்னு தேர்ந்தெடுக்கறேன். அது போதாதா?"

தாளில் அச்சிட மட்டும் என்றால் போதும். ஆனால் அந்த வழியில் போனால் சுட்டிகளை (லிங்க்) தட்டினால் வேலை செய்யாது, பக்கவாட்டில் தலைப்புப் பட்டியலும் வராது. 'ஃபைல்' மெனுவில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுத்தால் சுட்டிகள் வேலை செய்யும், 'ஆப்ஷன்ஸ்' பொத்தானுக்குள் 'கிரியேட் புக்மார்க்ஸ்' டிக்கையும் போட்டால் தலைப்புப் பட்டியலும் கிடைக்கும். அங்கேயே 'ஆப்ஷன்ஸ்' பொத்தானுக்குள் பிடிஎஃப்/ஏ என்று ஒரு டிக் உண்டு. பல வருடம் பாதுகாக்க வேண்டிய ஆவணத்துக்கான வகை அது. அதில் ஃபாண்டுகள் கோப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பது விதி.

எடுத்த பிடிஎஃப்பை உங்கள் கணினியிலேயே சரிபார்க்காதீர்கள். அங்கே எல்லா ஃபாண்டும் இருப்பதால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். உங்கள் போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

"அண்ணா, இங்கிலீஷ் எல்லாம் ஓகே. தமிழ் இருந்த இடத்துல மட்டும் ஏதோ ஜே கே பி ஓன்னு வருதாமே?"

நீங்கள் பாமினி மாதிரி பழைய ஃபாண்டில் அடித்திருக்கிறீர்கள். அந்தக் காலத்து ஃபாண்டுகளில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஃபாண்ட் இல்லாத கணினியில் ஒட்டிய படம் போய் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேலையை வேர்ட் தானாகவே செய்யும். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. ஆகவே 'தமிழ்' என்று தொடங்கிய வாக்கியம் 'துமிழ்' என்று நிற்கும். புரூஃப் பார்ப்பவர் தட்டச்சுக்காரரைத் திட்டுவார். பழைய ஃபாண்டில் அடித்தே ஆகவேண்டும் என்றால் முதலில் 'ஆட்டோ கரெக்ட்' அமைப்பில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

நிலையான தீர்வு, தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறுவதுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010-இல் அரசே யூனிகோடுக்கு வந்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஆங்கிலமும் தமிழும் கலந்த ஒப்பந்தத்தை மொத்தமாக மாற்றியில் போடாதீர்கள். அதற்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. ஆங்கிலப் பெயர்கள், முகவரி எல்லாம் தமிழ்க் குப்பையாகும், அரைப்புள்ளிகள் மெய்யெழுத்துப் புள்ளியாகும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றி, திருப்பி ஒட்டி, மேற்கோள் குறி, அடைப்புக்குறி, சர்வே எண் மூன்றையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

'பிரஸ்ல பாமினிதான் கேட்கிறாங்க' என்பார்கள். உண்மைதான். பக்கம் கோக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழு 2001-இல் வந்தது. யூனிகோட் தமிழை அதில் ஒழுங்காகக் கோக்க முடியாது. இன்னமும் அதை ஓட்டுகிற அச்சகங்கள் உண்டு. அவர்களுக்குப் பழைய ஃபாண்டிலேயே கொடுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப். அதே வேலைக்கான இன்டிசைன் வைத்திருப்பவர் யூனிகோட் வேண்டாம் என்றால், 'வேர்ல்டு ரெடி கம்போசர்' அமைப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

"நான் யூனிகோட்லதான் அடிச்சேன். இருந்தும் மேக்ல வரியெல்லாம் மாறுதுங்கறாங்களே?"

யூனிகோட் எழுத்தைக் காப்பாற்றும், அகலத்தைக் காப்பாற்றாது. விண்டோஸ் 2000-லிருந்து நம்மோடு இருந்த லதா ஃபாண்ட், விண்டோஸ் 10-இல் எல்லாக் கணினியிலும் தானாக வருவதில்லை. தமிழைச் சேர்த்துக்கொண்டால்தான் வரும். விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா யுஐ இருக்கிறது. மேக்கில் தமிழ் சங்கம், இணைமதி. ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஆக, அடித்தது லதாவில், அவர் பார்ப்பது தமிழ் சங்கத்தில். வரி மாறாமல் என்ன செய்யும்?

எங்கள் கடையில் வெளியே போகும் தமிழ்க் கோப்புகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழைத்தான் போடுகிறோம். இலவசம், யாருக்கும் அனுப்பத் தடையில்லை, எந்தக் கணினியிலும் நிறுவலாம். ஃபாண்ட் கோப்பையும் மெயிலில் சேர்த்து 'முதலில் இதை நிறுவவும்' என்று எழுதிவிடுகிறோம்.

இன்னொரு விஷயம். வேர்டில் தமிழ் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' வகையில் சேரும். கன்ட்ரோல் டி அடித்தால் வரும் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்ட், ஒரு அளவு, தமிழுக்கு வேறு ஃபாண்ட், வேறு அளவு என்று இரண்டு தொகுதி இருக்கும். ஸ்டைலில் மேலே இருப்பதை மட்டும் 12 ஆக்கிவிட்டுத் தமிழ் ஏன் 11-இலேயே நிற்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. கீழே இருப்பதையும் மாற்றுங்கள்.

"ஃபாண்டை ஃபைலுக்குள்ளயே வெச்சு அனுப்பிடலாம்னு பையன் சொல்றான். நிஜமா?"

நிஜம்தான். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போனால் அடியில் 'எம்பெட் ஃபாண்ட்ஸ்' இருக்கும். அதன் கீழே இரண்டு டிக். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் வைப்பது முதலாவது. பார்ட்டி திருத்தப்போகிறார் என்றால் அதைப் போடாதீர்கள். நீங்கள் எழுதாத ஓர் எழுத்தை அவர் அடித்தால் அது மட்டும் வேறு ஃபாண்டில் வந்து நிற்கும். சிஸ்டம் ஃபாண்டுகளை விட்டுவிடு என்பது இரண்டாவது. மேக் வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது அதையும் எடுத்துவிடுங்கள்.

சில ஃபாண்டுகளைச் செய்தவர்களே கோப்புக்குள் வைக்க அனுமதிப்பதில்லை. வேர்ட் அவற்றைச் சேர்க்காது. கூகுள் டாக்ஸ், போனில் இருக்கும் செயலிகள் எல்லாம் நீங்கள் உள்ளே வைத்த ஃபாண்டைக் கண்டுகொள்ளும் என்று நம்பவும் முடியாது. கணினி வேர்டிலிருந்து கணினி வேர்டுக்குப் போகும் கோப்புக்கான வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பார்ட்டிகிட்ட வேர்டே இல்ல. கூகுள் டாக்ஸ்லயோ லிப்ரே ஆபீஸ்லயோ திறப்பாங்களாம்."

அப்படியானால் கோப்பை எளிமையாகக் கட்டுங்கள். கலைவதில் முதலிடம் மிதக்கிற சமாச்சாரங்களுக்கு: டெக்ஸ்ட் பாக்ஸ், வேர்ட்ஆர்ட், எழுத்து சுற்றி ஓடும்படி வைத்த படம். படத்தை வரியோடு வரியாக வையுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்கும் இடத்தில் கோடில்லாத அட்டவணை போடுங்கள்.

அடுத்தது நம் ஊர் வழக்கம்: இடதுபக்கம் 'சாட்சி', வலதுபக்கம் 'கையொப்பம்' வருவதற்கு ஸ்பேஸ் பாரைப் பிடித்து அழுத்திக்கொண்டே போவது. அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருப்பது. உங்கள் கணினியில் கச்சிதமாக நிற்கும், வேறெங்கும் நிற்காது. முதலாவதற்கு இரண்டு கட்டம் உள்ள, கோடில்லாத அட்டவணை. இரண்டாவதற்கு கன்ட்ரோல் என்டர். இந்த இரண்டு பழக்கம் மாறினாலே பாதிப் பிரச்சினை போய்விடும் என்பேன்.

கூகுளில் இன்னொன்றையும் பாருங்கள். டிரைவில் ஏற்றிய வேர்ட் கோப்பை அப்படியே திறந்து திருத்தினால் அது வேர்ட் கோப்பாகவே இருக்கும். 'சேவ் ஆஸ் கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் வேறொரு பிரதி உருவாகும். பார்ட்டி ஒன்றில் திருத்த, நீங்கள் மற்றொன்றைப் பார்த்துக்கொண்டு 'ஒன்றுமே மாறவில்லையே' என்று சண்டை போடுவது அடிக்கடி நடக்கிறது.

"தமிழே இல்லாத லெட்டர், நான் ஃபாண்டையும் மாத்தல. அமெரிக்கா பார்ட்டிக்கு மட்டும் ரெண்டு பக்கமாகுது!"

மாற்றாததுதான் காரணமாக இருக்கலாம். 2007-லிருந்து வேர்ட் தானாக எடுத்துக்கொண்ட ஃபாண்ட் காலிப்ரி. 2023-லிருந்து மைக்ரோசாஃப்ட் 365-இல் அது ஆப்டோஸ் ஆகிவிட்டது. பழைய ஆபீஸ் வைத்திருப்பவரிடம் ஆப்டோஸ் இருக்காது. வெளியே போகும் கடிதத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் போல எங்கும் இருப்பதை நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுங்கள். அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

காகிதமும் காரணம். நமக்கு ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர். அவர்களுக்கு லெட்டர், உயரம் 279 தான். பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் விட்டு முடித்த கடிதம், அவர்கள் காகித அளவை லெட்டராக மாற்றினால் அடுத்த தாளுக்கு வழியும். அமெரிக்க வேலை என்றால் 'லே-அவுட்', 'சைஸ்' போய் முதலிலேயே லெட்டராக்கிவிட்டு அடியுங்கள்.

"வாட்ஸ்அப்ல அனுப்பினா குவாலிட்டி போயிடுமா?"

'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் ஒன்றும் ஆகாது. கோப்பு அப்படியே போய்ச் சேரும், 2 ஜிபி வரை அனுப்பலாம். கேலரியிலிருந்து படமாக அனுப்பினால்தான் சுருங்கும். லோகோ, ஸ்கேன், கையெழுத்துப் படம் எதுவானாலும் டாக்குமெண்டாகவே வாங்குங்கள். ஆனால் இறுதிப் பிரதி மெயிலிலும் ஒன்று இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் தேடி எடுப்பது பெரும்பாடு.

"மெயில்ல போகவே மாட்டேங்குது, 40 எம்பி இருக்கு."

ஜிமெயிலில் 25 எம்பி தான் எல்லை. தாண்டினால் தானே டிரைவ் சுட்டியாக்கிவிடும். கம்பெனி மெயில்களில் எல்லை இன்னும் குறைவாக இருப்பதும் உண்டு. சுட்டி அனுப்பினால் அனுமதியையும் கையோடு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பார்ட்டி இரவு பதினொரு மணிக்கு அனுமதி கேட்பார், நீங்கள் காலையில்தான் பார்ப்பீர்கள்.

வேர்ட் கோப்பு வீங்குவதற்குப் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். படத்தைத் தொட்டு 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போங்கள். அச்சுக்கு 220 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), திரைக்கு 150 போதும். அங்கேயே வெட்டிய பகுதிகளை நீக்கும் டிக் ஒன்று இருக்கும், அதை மறக்காதீர்கள். வேர்டில் படத்தை 'கிராப்' செய்தால் வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கும், போகாது. ஆதார் அட்டையில் எண்ணை வெட்டிவிட்டுப் புகைப்படத்தை மட்டும் காட்டியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வாங்கியவர் அதே 'கிராப்' பொத்தானை அழுத்தினால் எண்ணும் வெளியே வரும்.

"கரெக்‌ஷன் எல்லாத்தையும் மறைச்சுட்டுத்தான் அனுப்பினேன். பழைய ரேட்டு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மறைப்பது வேறு, நீக்குவது வேறு. 'ரிவ்யூ' பகுதியில் 'நோ மார்க்அப்' போட்டால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவர் 'ஆல் மார்க்அப்' போட்டால் முதலில் என்ன விலை எழுதினீர்கள், அதை யார், எந்த நேரத்தில் அடித்தார் என்பது வரை வரும். 'அக்செப்ட் ஆல்' கொடுத்து, திருத்தங்களைப் பதிவு செய்யும் 'டிராக் சேஞ்சஸ்' வசதியை நிறுத்தி, கமெண்ட்டுகளை அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

பிறகு, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' ஓட்டுங்கள். கோப்பை உருவாக்கியவர் பெயர், மறைத்து வைத்த எழுத்து எல்லாம் அங்கே அகப்படும். பழைய பார்ட்டியின் ஒப்பந்தத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிப் புதியவருக்கு அனுப்புவது நம் எல்லோருக்கும் வழக்கம்தானே. கோப்பின் 'டைட்டில்' விவரத்தில் பழையவர் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிடிஎஃப் எடுத்தாலும் அது கூடவே போகும்.

"அவங்க எங்கெங்கயோ மாத்திட்டு, எதுவும் சொல்லாம திருப்பி அனுப்பிட்டாங்க. வரி வரியா படிக்கணுமா?"

வேண்டாம். 'ரிவ்யூ' பகுதியில் 'கம்பேர்' இருக்கிறது. நீங்கள் அனுப்பியதை ஒரு பக்கம், வந்ததை மறுபக்கம் கொடுத்தால் ஒரு காற்புள்ளி நகர்ந்திருந்தாலும் சிவப்பில் காட்டும். அதற்கு அனுப்பிய பிரதி கை படாமல் இருக்க வேண்டும். அனுப்பியவுடன் அதைத் தனி ஃபோல்டரில் போட்டு, பெயரில் தேதியைச் சேர்த்துவிடுங்கள். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று பெயர் வைத்தால் பிறகு எது எதற்கு முந்தியது என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்த முறை முன்னெச்சரிக்கையாக 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போய் 'டிராக்டு சேஞ்சஸ்' மட்டும் அனுமதியுங்கள். அவர் எதைத் தொட்டாலும் தடம் பதிவாகும்.

"பார்ட்டி பிடிஎஃப் மட்டும்தான் தர்றார். தமிழை காப்பி பண்ணி ஒட்டினா குப்பையா வருது."

பாமினி கேள்வியில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் பழைய ஃபாண்டில் செய்ததென்றால் வரும் 'குப்பை' பெரும்பாலும் பாமினி எழுத்துதான். அந்த ஃபாண்டைப் போட்டாலோ மாற்றியில் கொடுத்தாலோ தமிழ் வந்துவிடும். யூனிகோடில் செய்த பிடிஎஃப் வேறு கதை. அதற்குள் எழுத்துருவங்கள் இடம் பார்த்து வைக்கப்பட்டிருக்கும். 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று வடிவமாக நிற்கும். காப்பி செய்யும்போது அவை அதே வரிசையில் வெளியே வந்து உடைந்து கிடக்கும். வேர்டிலேயே பிடிஎஃப்பைத் திறந்தாலும் தமிழுக்குப் பெரிதாகப் பயனில்லை.

பக்கங்களைப் படமாக்கி டிரைவில் ஏற்றி, 'ஓபன் வித் கூகுள் டாக்ஸ்' கொடுங்கள். படத்தைப் படித்துத் தமிழாகத் தரும். தெளிவான அச்சு என்றால் நன்றாகவே படிக்கும். அட்டவணை கலையும். ர, ா இரண்டையும் குழப்பியிருக்கிறதா என்று புரூஃப் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் மூலக் கோப்பைக் கேளுங்கள். இல்லையென்றால் தட்டச்சுக் கூலியும் சேரும் என்று வேலை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு அப்போதுதான் மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வரும்.

"போன மாசம் போட்ட அக்ரிமென்ட். இன்னிக்கு திறந்தா இன்னிக்குத் தேதி காட்டுது! யாராவது மாத்தினாங்களா?"

வேர்ட்தான் மாற்றியது. தேதி சேர்க்கும் பெட்டியில் 'அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி' டிக் போட்டிருந்தால் திறக்கிற அன்றைய தேதி வரும். ஒப்பந்தத்தில் தேதியைக் கையால் அடியுங்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 அழுத்துங்கள், வெறும் எழுத்தாகிவிடும். ஆனால் அப்போது இன்றைய தேதி உறைந்து போகும், சரியான தேதியை அடித்துக்கொள்ளுங்கள்.

பொருளடக்கம், பக்க எண் குறிப்பு எல்லாம் இதே இனம். ஆனால் இவை தேதிக்கு நேர்மாறாக, தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாமல் பழைய எண்ணையே காட்டும். அனுப்புவதற்கு முன் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. எங்காவது 'எரர்' என்று வருகிறதா என்று ஒருமுறை உருட்டிப் பாருங்கள்.

"யாரும் ஒரு எழுத்துகூட மாத்த முடியாதபடி பூட்டி அனுப்பணும். வழி இருக்கா?"

'மார்க் ஆஸ் ஃபைனல்' பூட்டே இல்லை, ஒரு கிளிக்கில் போய்விடும். 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' நல்ல எண்ணம் உள்ளவருக்குப் போதும். பிடிஎஃப்பில் திருத்தத்தைத் தடுக்கும் பாஸ்வேர்டை எடுத்துவிடும் கருவிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கும்படி வைப்பது மட்டும்தான் உருப்படியான பூட்டு. அதைக் கோப்பு போன மெயிலிலேயே எழுதாதீர்கள், போனில் சொல்லுங்கள்.

ஆனால் கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பூட்டு இல்லை, மாற்றினால் தெரிய வேண்டும் என்பதுதான். அதற்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அதை ஏற்கிறது. ஆடிட்டர்கள் பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் வைத்துப் போடுகிறார்களே, அதுவேதான். கையெழுத்தான பிடிஎஃப்பில் அதற்குப் பின் எதை மாற்றினாலும் திறக்கும்போது எச்சரிக்கை வரும். அதனால் கரெக்‌ஷன் எல்லாம் முடிந்த பிறகுதான் கையெழுத்து. போட்ட பிறகு சைஸ் குறைக்கிறேன், இரண்டு கோப்பைச் சேர்க்கிறேன் என்று எந்தக் கருவியிலும் போடாதீர்கள். பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினாலும் அந்தக் கையெழுத்து வெறும் படம்தான். வந்த கோப்பு எப்படி வந்ததோ அப்படியே பார்ட்டிக்குப் போக வேண்டும்.